தண்ணீர் விழுங்கத் தெரியாமல் போன நாட்கள்

பக்கவாதம் என்றால் ஆள் தடாலென்று கீழே விழுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. காலையில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். துப்புவதற்கு முன்பே தண்ணீர் இடது கடைவாய் வழியாக ஒழுகிப் பனியனை நனைத்தது. இன்னொரு கை தண்ணீர் எடுத்தேன். அதுவும் ஒழுகியது. பல் டாக்டரிடம் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வந்தது போல் இருந்தது. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை. அதனால் பயமும் இல்லை.

சேவூரில் எங்கள் வீடு. ஆரணி டவுனில் விசைத்தறிகளுக்கு மோட்டார், பெல்ட், பேரிங் விற்கிற கடை வைத்திருக்கிறேன். பெயர் தரணேந்திரன். சமணக் குடும்பம் என்பதால் ஊரில் எல்லோருக்கும் நான் நயினார். மருத்துவமனையிலிருந்து திரும்பிக் கடையில் உட்கார்ந்த நாள் முதல், பேரிங் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கேட்கிறார்கள். எப்படித் தெரிந்தது? நெஞ்சு வலித்ததா? திரும்ப வருமா? ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுவதையும் ஒரு தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் மனைவி ராஜமதி காபியோடு வந்தாள். "இன்னாங்க, பனியனெல்லாம் ஈரமா இருக்குது?"

"ஒண்ணுமில்ல" என்றேன். என் காதுக்கே அது ஒரு சொல்லாக விழவில்லை. வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு பேசியது போல இருந்தது.

அவள் காபியைக் கீழே வைத்தாள். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "வாய் கோணிகினு இருக்குதுங்க" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. மதில் ஓரம் போய், "சம்பந்தண்ணே, கொஞ்சம் ஜல்தியா வாங்க" என்று மட்டும் கூப்பிட்டாள்.

சம்பந்தம் பக்கத்து வீட்டுக்காரன். பின்கட்டில் தறி போட்டு ஓட்டுகிறான். என் கடையில் வாடிக்கை, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். தறிச் சத்தத்திலும் அந்தக் குரல் அவனுக்கு எப்படிக் கேட்டதோ, லுங்கியோடு ஓடிவந்தான். என்னைப் பார்த்ததும் கார் சாவியை எடுக்கத் திரும்பிவிட்டான்.

"நயினாரே, எழுந்து வா. சட்டை வேணாம், ஒண்ணும் வேணாம். எங்க அண்ணனுக்கு இப்டிதான் ஆச்சு. கைய கால எண்ணெய் போட்டுத் தேய்ச்சிகினு உக்காந்துட்டோம். நேரம் போயிடுச்சு."

ஆரணியில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான டாக்டர், இரண்டு கைகளையும் நீட்டித் தூக்கச் சொன்னார். தூக்கினேன். இடது கை தானாகக் கீழே இறங்கியது. நான் இறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"இது பக்கவாதம்தான். இங்க ஸ்கேன் வசதி இல்ல. நேரா வேலூர் போங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். வாய்ல எதுவும் குடுக்காதீங்க, தண்ணிகூட."

ராஜமதி கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைச் சட்டென்று பையில் போட்டாள்.

வேலூர் போகும் வழியில் இடது காலும் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. பின்சீட்டில் என் தலை அவள் மடியில் இருந்தது. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் சமண வணக்கமான பஞ்சமந்திரம் சொல்கிறாள் என்று தெரிந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் சம்பந்தம், "இன்னும் கொஞ்சம் தான், நயினாரே" என்றான். நிறைய வேகத்தடைகள் இருந்தன.

அங்கே என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதத்தில் இரண்டு வகை உண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. ஒன்றுக்குத் தருகிற மருந்து மற்றொன்றுக்கு ஆபத்து. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். எனக்கு அடைப்பு. கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன், சிலருக்கு அந்த ஊசியாலேயே ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னார்.

ராஜமதி கேட்டாள். "போடாம உட்டா இன்னா ஆவும்?"

"கை கால் இப்படியே நின்னுடலாம்மா. இன்னும் மோசமாவும் ஆகலாம்."

"அப்போ போடுங்க."

வீட்டில் ஒரு புடவை எடுக்கக்கூட மூன்று நாள் யோசிப்பவள் அவள்.

மறுநாள் கால் அசைந்தது. கையைத் தூக்கினேன், பிடிமானம் மட்டும் குறைவாக இருந்தது. பெங்களூரிலிருந்து மகள் ஜெயந்தி வந்துவிட்டாள். பேச்சு குழறினாலும், "சாப்டியா?" என்று நான் கேட்டது அவளுக்குப் புரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நாங்கள் மூன்று பேருமே நினைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் நஸ்ரின் வந்தாள். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கிறவள். ஆம்பூர்ப் பெண், என் மகள் வயது இருக்கும். என் தொண்டைமேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கரண்டியில் தண்ணீர் கொடுத்தாள். விழுங்கினேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்டியது. "ஆ சொல்லுங்க ஐயா" என்றாள். என் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் களகளவென்று கேட்டது.

அவள் விளக்கினாள். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடுகிற மூடி ஒன்று தொண்டையில் இருக்கிறது. அதை மூடச் சொல்லி உத்தரவு போடுவது மூளை. அந்த உத்தரவு இப்போது தாமதமாகப் போகிறது. அதற்குள் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இறங்கினால் நிமோனியா. இட்லியைவிடத் தண்ணீர்தான் கஷ்டம் என்று அவள் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. தண்ணீருக்கு வேகம் அதிகம், தொண்டை தயாராவதற்குள் ஓடிவிடுமாம்.

"கொஞ்ச நாளைக்கு வாய்ல எதுவும் வேணாம் ஐயா. மூக்கு வழியா ட்யூப் போட்டு சாப்பாடு குடுப்பாங்க. ஜல்தி பண்ணா பேஜாராயிடும்."

இதற்கு நடுவில் அடைப்பு எங்கிருந்து வந்தது என்றும் கண்டுபிடித்தார்கள். மூளையிலிருந்து இல்லை, இதயத்திலிருந்து. இதயத்தின் மேல் அறைகள் சீராகச் சுருங்காமல் சில நேரம் நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கின்றனவாம். அப்போது ரத்தம் அங்கே தேங்கும், தேங்கியது உறையும், உறைந்த துண்டு ஒன்று கிளம்பி மூளைக்குப் போய்விடும்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலியே வந்ததில்லையே, டாக்டர்" என்றாள் ஜெயந்தி.

"இதுல வலி இருக்கணும்னு இல்லம்மா. படபடப்பு, மூச்சு வாங்கறது, அதுவும் எல்லாருக்கும் வராது. பாதிப் பேருக்கு இசிஜி எடுக்கும்போதுதான் தெரியும்."

மாடி ஏறும்போது சில நாள் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது உண்டு. வெயில் என்று நினைத்து மோர் குடித்துவிட்டு மறந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் மூக்குக் குழாய் போட்டார்கள். போடும்போது குமட்டியது, போட்ட பிறகு தொண்டையில் ஒரு நூல் கிடப்பது போலவே இருந்தது. நர்ஸ் பெரிய ஊசிக்குழலில் கஞ்சியோடு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது.

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு ராஜமதி சாப்பிடமாட்டாள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். பூமிக்கடியில் விளைகிற எதுவும் எங்கள் சமையலறைக்குள் வராது. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒரு நாளும் தவறியதில்லை. கடை வேலையில் எனக்கு இருட்டிவிடும் நாட்கள் உண்டு. ஆனால் வீட்டில் சாப்பிட்டால் அவளோடு, வெளிச்சத்தில்தான் சாப்பிடுவேன்.

நர்ஸ் கஞ்சியைக் காட்டிச் சொன்னாள். "அம்மா, இதுல பருப்பு, அரிசி, கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் வேகவச்சு அரைச்சிருக்கு. நைட்டு இன்னும் ரெண்டு தடவ குடுப்போம். உங்க அப்பாவுக்கு ஒத்துக்குமில்ல?"

உங்க வீட்டுக்காரர் என்பதற்கு அவசரத்தில் உங்க அப்பா என்று சொல்லிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. ஜெயந்தி அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேண்டாம் என்றிருந்தால் பேசி ஏதாவது வழி செய்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது என்னால் ஒரு சொல் முழுதாகச் சொல்ல முடியாது.

ராஜமதி என் தலையணையைச் சரி செய்தாள். "குடுங்கம்மா" என்றாள். "அவரு ஒடம்பு எழுந்து நிக்கட்டும். வெளிச்சமும் இருட்டும் நான் பாத்துக்கறேன்."

கஞ்சி குழாய் வழியாக இறங்கியது. ருசி எதுவும் இல்லை, வயிற்றில் ஒரு வெதுவெதுப்பு மட்டும். அவள் என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள்தான் கவனித்தேன். டாக்டர்கள் வருவது, ரிப்போர்ட் வாங்குவது, மருந்து வாங்குவது என்று அலைந்ததில் அவள் பகல் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. பையிலிருந்த டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டாள். எனக்கு இரண்டு மணிக்கொரு தரம் வயிறு நிறைந்துகொண்டிருந்தது, அவள் பட்டினி.

அதற்கடுத்த நாள் முதல் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. என் கட்டிலுக்கு எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மேல் வெயில் மஞ்சளாக மாறும்போது, நல்ல கையால் கட்டில் கம்பியைத் தட்டுவேன். ராஜமதி நிமிர்ந்து பார்ப்பாள். ஜன்னலைக் காட்டுவேன், பிறகு என் வாயைக் காட்டுவேன்.

"பசிக்குதா உங்களுக்கு?" என்று முதல் நாள் பதறிவிட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டி, அவளைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். எதிரில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தச் சாப்பாடு சேவூரிலிருந்து வந்தது. சம்பந்தத்தின் மனைவி வெங்காயம், கிழங்கு இல்லாமல் சமைத்து, புதிதாக வாங்கிய பாத்திரத்தில் போட்டுக் கொடுப்பாள். சம்பந்தம் தறியை வேலையாளிடம் விட்டுவிட்டு, பொழுது இறங்குவதற்குள் வந்து சேரும்படி பஸ் பிடித்துக் கொண்டுவருவான். எங்கள் சாப்பாட்டு முறையை அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டில் இருந்து இருந்தே தெரிந்துகொண்டது.

அந்தச் சம்பந்தத்தால்தான் ஒரு பெரிய வம்பும் வந்தது.

ஒரு மத்தியானம் ராஜமதியும் ஜெயந்தியும் இதயத்தை எதிரொலியால் பார்க்கிற எக்கோ பரிசோதனையின் முடிவை வாங்கப் போயிருந்தார்கள். சம்பந்தம் என் பக்கத்தில் இருந்தான். என் உதடு வெடித்து வெள்ளையாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு போய் ஓர் இளநீர் வாங்கிவந்தான்.

"ஒடம்பெல்லாம் சூடேறிக் கெடக்குது நயினாரே. ரெண்டு ஸ்பூன். தொண்டைய நனைச்சுக்கோ. யாருக்கும் சொல்ல வேணாம்."

நான் வேண்டாம் என்று தலையாட்டவில்லை. வாயைத் திறந்தேன். முதல் கரண்டி இனிப்பாக இறங்கியது. இருமலே இல்லை. இரண்டாவதும் வாங்கிக்கொண்டேன். இருமல் வராமலே மூச்சுக்குழாயில் இறங்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

மறுநாள் குளிரும் காய்ச்சலும் வந்தன. மூச்சு வாங்கியது. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடியில் சளி கட்டியிருந்தது. யாராவது வாயில் ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டபோது ராஜமதி இல்லை என்றாள். வாசலில் நின்றிருந்த சம்பந்தம், "நான்தான் சார் குடுத்தேன்" என்றான்.

டாக்டர் அவனைத் திட்டவில்லை. இனிமேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஆனால் சம்பந்தம் அதற்குப் பிறகு உள்ளே வரவில்லை. சாப்பாட்டை ஜெயந்தியிடம் கொடுத்துவிட்டுக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தானாம். பஸ்ஸுக்கு நேரமாகியும் போகாமல் உட்கார்ந்திருந்தானாம். எனக்குக் காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்த நாட்கள்தான் உண்மையில் ஆபத்தானவை என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது, ஒவ்வொரு மூச்சையும் நானே இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது என்பதுதான்.

காய்ச்சல் விட்ட அன்று ராஜமதி கீழே போனாள். என்ன பேசினார்கள் என்று ஜெயந்தி சொல்லித்தான் தெரியும்.

"இன்னா அண்ணே, இங்க உக்காந்துகினு இருக்கீங்க?"

"எந்த மூஞ்ச வச்சிகினு மேல வர்றது, தங்கச்சி. காப்பாத்திக் கொண்டாந்து நானே கொல்லப் பாத்தேன்."

"நீங்க அன்னிக்கு லுங்கியோட ஓடி வரலன்னா, காய்ச்சல் வர்றதுக்கு ஆளே இருந்திருக்க மாட்டாரு. மேல வாங்க. உங்களக் காணமேன்னு வாசலையே பாத்துகினு இருக்காரு."

அவன் வந்து கட்டில் ஓரத்தில் நின்றான். நான் என் நாக்கைத் திரட்டி, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். "இளநீர்... நல்லா... இருந்துச்சு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

நஸ்ரின் மறுபடியும் பயிற்சியைத் தொடங்கினாள். கன்னத்தை உப்பச் சொல்வாள். நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து குத்தச் சொல்வாள். எச்சிலை அழுத்தி விழுங்கச் சொல்வாள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்துகொண்டு விழுங்கினால் மூச்சுக்குழாயின் வாசல் குறுகுமாம். பிறந்த நாள் முதல் செய்துவந்த ஒன்றை அறுபது வயதுக்கு மேல் பாடமாகப் படித்தேன். பயமும் இருந்தது. இளநீருக்குப் பிறகு கரண்டியைக் கண்டாலே வாயை மூடிக்கொண்டேன்.

"பயந்து விழுங்காதீங்க ஐயா. நான் விரல் வச்சிருக்கேன், எனக்குத் தெரியும். அவசரமே இல்ல."

முதலில் தண்ணீர் இல்லை, கெட்டியாகக் காய்ச்சிய ராகிக் கூழ். ராஜமதி கூழின் பதத்தை நஸ்ரினிடம் கேட்டு, ஜெயந்தி தங்கியிருந்த அறையில் காய்ச்சிக்கொண்டு வந்தாள். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியக்கூடாது, கட்டியாக விழவும் கூடாது. அரைக் கரண்டி. குனிந்தேன். விழுங்கினேன். நஸ்ரினின் விரலுக்கடியில் என் தொண்டை ஏறி இறங்கியது. நாங்கள் நாலு பேரும் காத்திருந்தோம். இருமல் வரவில்லை.

"ஆ சொல்லுங்க."

சொன்னேன். குரல் காய்ந்து, தெளிவாக வந்தது. நஸ்ரின் சரி என்று தலையை ஆட்டினாள். ராஜமதி அடுத்த அரைக் கரண்டியை எடுத்தாள். உப்பு குறைவாக இருந்தது. அதைவிட ருசியாக ஒன்று நான் சாப்பிட்டதில்லை.

குழாயை எடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். காலையும் மாலையும், வேளை தவறக்கூடாது. நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக்கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தாலோ மலம் கறுத்தாலோ சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கு என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. திரும்ப வருமா என்று ஜெயந்தி கேட்டாள். வரலாம், ஆனால் மாத்திரை அந்த வாய்ப்பை நிறையக் குறைக்கும் என்று டாக்டர் சொன்னார். வராது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். கடையில் கேட்கிறவர்களுக்கும் நான் இதையேதான் சொல்கிறேன்.

இப்போது தண்ணீரும் குடிக்கிறேன், குனிந்து, மடக்கு மடக்காக. இடது கையில் நட்டு போல்ட்டைப் பிடித்தால் இன்னும் நழுவுகிறது. பேசும்போது களைத்துவிட்டால் ர, ற எல்லாம் ஒன்றாகிவிடும்.

போன மாதம் ஆரணி டாக்டரிடம் பரிசோதனைக்குப் போனோம். என்னைப் பார்த்து முடித்துவிட்டு, "நீங்க எப்போம்மா பிரஷர் பாத்தீங்க?" என்று ராஜமதியைக் கேட்டார்.

"எனக்கு இன்னாங்க, நான் நல்லாதானே இருக்கேன்."

"இவரும் அன்னிக்குக் காலைல நல்லாதான் இருந்தாரு. உக்காருங்க."

பட்டையைக் கையில் சுற்றி அளந்தார். சிறிது நேரம் விட்டு மறுபடி அளந்தார். இரண்டு தடவையும் அதிகமாகவே இருந்தது. மெஷின் சரியில்லையோ என்றாள் அவள். டாக்டர் என் கையில் சுற்றிக் காட்டினார். எனக்குச் சரியாக இருந்தது.

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளை யாரும் பார்க்கவில்லை. அவளுக்கும் மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார், இரண்டு பேரும் சேர்ந்து நடக்கச் சொன்னார். பிறகு ஒன்று சொன்னார். காலையில் எழுந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள், சிரிக்கச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். எது கோணினாலும் உடனே கிளம்புங்கள்.

வீட்டுக்கு வரும்வரை ராஜமதி மாத்திரைச் சீட்டைக் கையிலேயே பிடித்திருந்தாள். எனக்காக ஒரு நாளும் காட்டாத பயத்தை அவள் முகத்தில் அன்று பார்த்தேன்.

மறுநாள் காலை அவளைக் கட்டிலில் என் எதிரே உட்கார வைத்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டும் சமமாக நின்றன. "சிரி" என்றேன்.

அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் தெற்றுப் பல். கல்யாணத்தன்றைக்குக்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். இப்போதும் கை தானாக வாய்க்குப் போனது.

"கைய எடு. கை இருந்தா எப்படித் தெரியும்?"

"போங்க, காலங்காத்தால."

"டாக்டர் சொன்னாரு இல்ல."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வெட்கத்தோடு, முழுதாகச் சிரித்தாள்.

"நேரா இருக்குதா?" என்று கேட்டாள்.

"சரியாத் தெரியல" என்றேன். "இன்னொரு தரம் சிரி."